தாங் சித்தி கட்டிய கயிறு

"யின் உயர்ந்ததா, யாங் உயர்ந்ததா?" பள்ளியின் கடைசி வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் கேட்டார். யின் என்றால் மலையின் நிழல் பக்கம், யாங் என்றால் வெயில் பக்கம் என்பதுவரை சொன்னேன். எங்கள் சந்தில் தேநீர்க்கடை வைத்திருக்கும் தாங் சுய்லான் சித்தியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

எங்கள் சிச்சுவான் மாகாணத்தில் வெயில் ஒரு விருந்தாளி. குளிர்காலத்தில் அது எட்டிப் பார்த்தால் போதும், வேலையைப் போட்டுவிட்டு ஊரே தெருவில் வந்து உட்காரும். சந்தின் மேற்கு வரிசையில் சித்தி கடை. நேரெதிரே, கிழக்கு வரிசையில் மூ மாமாவின் தேநீர்க்கடை. காலை வெயில் சித்தி பக்கம் விழும்; எல்லோரும் அவரிடமே தேயிலை வாங்குவார்கள். ஒருமுறை இலைக்குக் காசு கொடுத்தால் பொழுது சாயும்வரை எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் சுடுதண்ணீர் இலவசம்; அது சந்தின் வழக்கம். மதியம் வெயில் எதிர்ப்பக்கம் போகும். கையில் கிண்ணத்தோடு கூட்டமும் போகும்.

"மூ மாமா, தண்ணி!"

மாமாவுக்கு வியாபாரம் இல்லை, அடுப்பு மட்டும் எரிந்தது.

"சுய்லான், உன் ஆளுங்களுக்கு என் கரி எரியுது! இப்படியே போனா நான் கடையை மூட வேண்டியதுதான்."

"என்கிட்ட ஏன் கத்துறீங்க அண்ணே? சூரியன்கிட்ட கத்துங்க. எட்டலைன்னா ஏணி தரேன்."

சித்தி சிரித்த சிரிப்பில் கெண்டியின் நீண்ட மூக்கு ஆடி, பக்கத்திலிருந்தவர் செருப்பு நனைந்தது.

கோடை வந்தது. இப்போது எல்லோருக்கும் நிழல் வேண்டும். காலை நிழல் மாமா பக்கம், இலை வியாபாரமும் அங்கேதான். மதியம் நிழல் இந்தப்பக்கம் வர, மாமாவின் கிண்ணங்களோடு கூட்டமும் வந்தது.

"சித்தி, தண்ணி!"

எதிரிலிருந்து மாமா குரல் கொடுத்தார்: "என்ன சுய்லான், ஏணி வேணுமா?"

வியர்க்க வியர்க்கத் தண்ணீர் காய்ச்சிய சித்தி ஒருநாள் கடை முன்னால் கயிறு கட்டினார். "என் இலை குடிக்கிறவங்க மட்டும் உள்ளே!"

கூட்டம் எழுந்து ஆற்றங்கரை மூங்கில் தோப்புக்குப் போய்விட்டது. அங்கே நாளெல்லாம் நிழல். யாரோ ஒருவன் அடுப்பும் போட்டுவிட்டான். மறுநாள் காலை மாமா பக்கமும் காலி. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஈ ஓட்டினார்கள். இனி இரண்டு கடையும் மூடவேண்டியதுதான் என்று சந்தே பேசியது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த சித்தி கயிற்றை அறுத்து, கெண்டியோடு தெருவைக் கடந்தார்.

"எழுந்திருங்க அண்ணே. உங்க ஆளுக்கு நீங்க ஊத்துங்க, என் ஆளுக்கு நான் ஊத்துறேன். அவங்க எந்தப் பக்கம் உட்கார்ந்தா நமக்கென்ன?"

"இதைக் குளிர்காலத்துலயே சொல்லியிருக்கலாமே?"

"அப்ப எனக்குச் சுடலையே!"

இப்போது தினமும் இரண்டு கெண்டிகள் நடுத்தெருவில் எதிரெதிரே வருகின்றன. யார் வழிவிடுவது என்று தினமும் சண்டை. அந்தச் சண்டையைப் பார்க்கவே கூட்டம் திரும்பி வந்துவிட்டது. மூங்கில் தோப்பில் அதற்கு வழியில்லை.

எது உயர்ந்தது என்று இன்று என்னைக் கேட்டால், "எந்த மாசம், எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்பேன். அந்த ஆசிரியரை எங்காவது பார்த்தால் இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள். பார்க்காவிட்டால், தேர்வுக்குப் போகும் ஒரு பிள்ளைக்காவது சொல்லுங்கள்.