மெரிலேண்ட்ஸ் வாக்கைப் பிரிக்கலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூத்தோர் சங்கக் கூட்டத்தில் ஜனநாயகம் படாத பாடு பட்டது.

தலைவர் குணம் அண்ணை நார்த்மீட்காரர். ஓய்வுபெற்ற எஞ்சினியர். வீட்டில் பகல் முழுக்க அமெரிக்கச் செய்திதான் ஓடும். போன வருடம் தலைவர் தேர்தலுக்கும் அந்த நாட்டு முறையையே இறக்குமதி செய்தார். நாங்கள் இருப்பது சிட்னியில்... தேர்தல் மட்டும் அமெரிக்காவில்.

முறை இதுதான். நார்த்மீட், மெரிலேண்ட்ஸ் என்று ஒவ்வொரு சபேர்ப்புக்கும், அதாவது புறநகருக்கும், ஆள்கணக்குப்படி இத்தனை வாக்கு. அங்கே ஒரு கை கூடுதலாக எடுத்தவருக்கே அந்த இடத்து வாக்கு முழுவதும். இருப்பதில் பெரியது எங்கள் மெரிலேண்ட்ஸ்; அதை எடுத்தவரே தலைவர். போன முறை எங்களில் பாதிப்பேர் அண்ணை வேண்டாம் என்றோம். மயிரிழையில் அவர் வென்றார் – வாக்கு அத்தனையும் அவருக்கே. நாங்கள் கூட்டத்துக்கே வராத மாதிரி.

"அமெரிக்காவில இப்பிடித்தான்" என்றார்.

இந்த முறை அவரை எதிர்த்து நிற்பவள் என் தோழி ராசாத்தி. கார் இல்லாதவர்களைச் சங்கத்துக்கு ஏற்றி இறக்க வான் வண்டி பிடிப்பேன் என்கிறாள். அண்ணைக்கு அது வீண்செலவு. எனக்கு? கார் ஓடத் தெரியாது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டால் சுவரோடுதான் பேச்சு.

மெரிலேண்ட்ஸ் இப்போது கொஞ்சம் ராசாத்தி பக்கம் சாய்ந்துவிட்டது. அண்ணை எழுந்தார்.

"மெரிலேண்ட்ஸ் வாக்கை அவரவர் எடுத்த கைக்கு ஏற்ற மாதிரிப் பிரிக்கவேணும். அதுதான் நியாயம். அமெரிக்காவிலயும் ரெண்டு மாநிலம் பிரிச்சுத்தான் குடுக்குது."

அதே அமெரிக்காதான். பலசரக்குக் கடை மாதிரி... கேட்டதெல்லாம் கிடைக்கிறது.

"அப்ப நார்த்மீட்டையும் பிரியுங்கோவன், அண்ணை" என்றாள் ராசாத்தி.

அண்ணை மனதுக்குள் கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது. "ஓம், தாராளமா. எல்லா இடத்தையும் பிரிப்பம்."

ராசாத்தி அப்போதுதான் கணக்குப் போட்டாள். நார்த்மீட்டில் அவளுக்குக் கை தூக்க அவளுடைய சம்பந்தி மட்டும்தான். எல்லா இடத்தையும் பிரித்தால் வெல்வது அண்ணை.

"வேண்டாம் அண்ணை. நீங்கள் தந்த முறை நல்ல முறை. ஏன் மாத்துவான்?"

"போன வருசம் அநியாயம் எண்டு கத்தினது ஆர்?"

"நியாயம் எண்டு சொன்னது ஆர்?"

எல்லா இடத்தையும் பிரிப்பதா, வேண்டாமா என்று கை எண்ணினார்கள். சரிபாதி. செயலாளர் தம்பி என் பக்கம் திரும்பினார்.

"அன்ரி, நீங்கள் ஒரு பக்கமும் கை தூக்கேல்லையே?"

கூட்டத்தில் நான் வாய் திறப்பதில்லை. எல்லோரும் பார்க்க, கதிரைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. என் வாக்கை விழுங்கிய முறை என்று ஒரு வருடமாகப் புலம்பியவள் நான். பிரிப்பதுதானே நியாயம்?

"பழைய முறையே இருக்கட்டும், தம்பி."

அண்ணை முறைத்தார். "நீயும் போன முறை நியாயம் கேட்டனியெல்லே, பாக்கியம்?"

கேட்டேன்தான். ஆனால் நியாயம் மெரிலேண்ட்ஸ் வரைக்கும் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகாதே.