வெடி வைத்துக் காது பார்த்த ஊரில் ஒரு டீச்சர்

"தீவாளிக்கு ஊரெல்லாம் வெடி வெடிக்கும். உங்க மகளுக்கு மட்டும் வெடிக்காது. அதுக்குத்தான் இப்படி லோடு ஏத்திக்கிட்டு அலையிறீகளா?"

பால்வாடி வாசலில் நின்று பொன்மணி டீச்சர் இப்படிக் கேட்டதும் மாரிக்கண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான்.

"ஒரு நாள் போகலைன்னா என்ன டீச்சர், வேற தேதி கொடுக்காமயா போயிருவாக? சீசன்ல லீவு கேட்டா மேஸ்திரி என் இடத்துல வேற ஆளை ஏத்திருவாரு."

"மதுரை டாக்டரு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரா? கார்த்திகை வந்தா அவளுக்கு ஆறு வயசு முடியுது. அதுக்கப்புறம் பேப்பரை வாங்க மாட்டாக."

"பெத்தவனுக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு எதுக்கு?"

நான் உள்ளே முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாயை மூடத் தெரியாது. "ஏலே மாரிக்கண்ணா, பெத்தவனுக்கு இருந்திருந்தா அவுக எதுக்குலே தொண்டை கிழியக் கத்துறாக?" என்றேன்.

"நீ சோத்தைப் பொங்கு கிழவி" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டான். டீச்சர் வாசலிலேயே நின்றாள். டீச்சர் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற அவன் மகள் ஓவியா, எங்கள் மூன்று பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்மணி திருத்தங்கல்காரி. அப்பா அச்சாபீசில் காலண்டருக்குத் தகரம் அடித்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டே பன்னிரண்டாவது முடித்தவள். எங்கள் ஊர் செல்லச்சாமியைக் கட்டிக்கொண்டு ஆனைக்குட்டம் பக்கம் வந்தாள். டீச்சர் வேலை கிடைத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. நான் அவளிடம் ஆயாவாகப் பதினொரு வருஷம். என் வீட்டுக்காரர் குடித்துச் செத்தார். வெடிக் கம்பெனி விபத்தில் போயிருந்தால் நாலு காசாவது வந்திருக்கும், எனக்கு இந்தக் கரண்டி பிடிக்கிற வேலை தேவைப்பட்டிருக்காது.

பொன்மணி நல்ல பேச்சுக்காரி இல்லை. சிரித்துப் பேசி நான் பார்த்ததே கொஞ்சம். பருப்பில் உப்பு ஒரு கல் கூடினால் பிள்ளைகள் முன்னாலேயே என்னைக் கேட்பாள். ஆனால் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறிப் போகிற தாய்மார்கள் திரும்பி வர ஆறு ஆகும். மூன்று மணிக்கே பால்வாடியைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்பதுதான் சட்டம். அவள் ஒரு நாளும் பூட்டினதில்லை. கடைசிப் பிள்ளை வேனடியில் தாயிடம் போகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள்.

ஆடி மாதத்தில் பால்வாடிச் சுவரில் மாட்ட ஒரு படம் வந்தது. கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்தையும் வரைந்திருந்தார்கள். டீச்சர் அதை ஆணியில் மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூக்கு எங்கன இருக்குன்னு இதுகளுக்குத் தெரியாதா பஞ்சம்மாக்கா? இதை வச்சு ஒருத்தருக்கொருத்தர் என்ன சொல்லிக்கிடுறோம், அதையில்ல சொல்லிக் கொடுக்கணும்" என்றாள்.

முதலில் வாயைத் திறக்காமல் ஆயாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று விளையாட்டு வைத்தாள். ஒருவன் வயிற்றைத் தடவினான். ஒருத்தி சுண்டுவிரலைக் காட்டினாள். ஓவியா முறை வந்தது. அவள் அதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லை. ஐந்தரை வயதாகியும் பேசாததால் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல், பேச்சு வரட்டும் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவள் நடுவில் வந்து நின்றாள். என்னைக் கை காட்டினாள். இரண்டு பக்கமும் திருட்டு முழி முழித்தாள். உருண்டையாக இரண்டை எடுத்து மடியில் முடிந்துகொண்டு, என் மாதிரியே இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனாள்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. டீச்சர் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டுதானா, கூடவா?"

"ரெண்டுதான்" என்று மடியை அவிழ்த்து முட்டையைச் சட்டியில் போட்டேன். எடுத்தேன், எடுக்கவில்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் மூக்கு. ஒவ்வொரு தாயிடமும் பழைய சேலைத் துணி ஒரு துண்டு வாங்கி வந்தாள். பிள்ளைகளின் கண்ணைக் கட்டி, அம்மா துணி எது என்று மோந்து பார்த்துச் சொல்லச் சொன்னாள். எந்தத் துணியைக் கொடுத்தாலும் எல்லாப் பிள்ளையும் "எங்கம்மா" என்றன. எல்லாத் துணியிலும் ஒரே வெடி மருந்து வாசம். எத்தனை துவைப்புத் துவைத்தாலும் போகாத வாசம். டீச்சர் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அந்த விளையாட்டை அதோடு நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது நாள் காது. டப்பாவில் பட்டாணி போட்டுப் பின்னால் நின்று குலுக்குவாள். கண் கட்டியிருக்கிற பிள்ளை, சத்தம் வருகிற பக்கம் கை நீட்ட வேண்டும். எல்லாம் நீட்டின. ஓவியா கட்டின கண்ணோடு சும்மா நின்றாள்.

"திமிரு பிடிச்சது டீச்சர். கூப்பிட்டாலே வராது. விடுங்க" என்றேன் நான்.

டீச்சர் விடவில்லை. பக்கத்தில் போய்க் குலுக்கினாள். சத்தம் பத்தவில்லை என்று தட்டையும் கரண்டியையும் எடுத்து அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளி அடித்தாள். எனக்கே பல் கூசியது. பிள்ளை அசையவில்லை. துணியை அவிழ்த்ததும் சிரித்துக்கொண்டே டீச்சர் கையிலிருந்த தட்டைப் பிடித்தாள்.

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வருசமா என் முன்னாடி உக்காந்திருக்கா பஞ்சம்மாக்கா. மூணு வருசமா இவளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

கூப்பிட்டதும் சாப்பிட வரவில்லை என்று ஒருதடவை கரண்டிக் காம்பால் அவள் முதுகில் போட்டிருக்கிறேன். அந்தத் தழும்பு ஒரு வாரம் இருந்தது.

சாயந்தரம் வேன் வந்தது. தாய் பாண்டீஸ்வரி இறங்கினாள். முழங்கை வரைக்கும் வெடிக்குப் போடுகிற வெள்ளிப் பவுடர் ஒட்டியிருந்தது. டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் அவள் நம்பவே மாட்டேன் என்றாள்.

"அதெல்லாம் நல்லாக் கேக்குது டீச்சர். ஒரு வயசுலயும் மூணு வயசுலயும் வெடி வச்சுப் பாத்துட்டோம். துள்ளிக் குதிச்சா."

இது எங்கள் ஊர் வழக்கம். பிள்ளை பேசவில்லை என்றால், அதற்குத் தெரியாமல் பின்னால் ஓர் அணுகுண்டை வைத்துக் கொளுத்துவார்கள். பிள்ளை திடுக்கிட்டால் காது நன்றாக இருக்கிறது, வாய்தான் மெதுவாகத் திறக்கும் என்று விட்டுவிடுவார்கள். வெடிக்குப் பஞ்சமா இங்கே. என் மகனுக்கும் அப்படித்தான் பார்த்தேன். அவனுக்குக் காது நன்றாக இருந்தது, அதனால் வழக்கமும் சரி என்று நம்பிக்கொண்டேன்.

மாரிக்கண்ணன் வந்தான். வீட்டிலிருந்து அணுகுண்டு ஒன்றை எடுத்து வந்து, பிள்ளை அந்தப் பக்கம் பார்த்து நிற்கும்போது கொளுத்தினான். வெடித்தது. ஓவியா துள்ளி அழுதாள்.

"பாத்தீகளா?" என்றான்.

"இன்னொண்ணு இருக்கா?" என்று டீச்சர் கேட்டாள். கொடுத்தான். "பஞ்சம்மாக்கா, விளக்குத் திரிக்கு வச்சிருக்க பஞ்சைக் கொண்டாங்க."

அவன் காது இரண்டிலும் பஞ்சைத் திணித்து, அதற்கு மேல் அவன் கையாலேயே பொத்தச் சொன்னாள். அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அவன் பேரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. பிறகு அவளே கொளுத்தினாள். ஆறடி ஆள் தவளை மாதிரித் துள்ளினான். தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவன் பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நெஞ்சைத் தடவினான்.

"காதுல ஒண்ணுமே கேக்கலை. இங்கன அடிச்சது" என்றான்.

"அவளுக்கும் அங்கனதான் அடிக்குது."

பாண்டீஸ்வரி அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் வெள்ளியாகிவிட்டது.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது என்றார்கள். காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன் மதுரையில் செய்வார்கள், ஆறு வயதுக்குள் என்றால் அரசாங்கச் செலவு. இரண்டு வயதில் வந்திருந்தால் மற்றப் பிள்ளை மாதிரியே பேசியிருப்பாள், இப்போது வைத்தாலும் ஏதோ கொஞ்சம் பேச்சு வரும் என்றார் டாக்டர். டீச்சர்தான் வருமானச் சான்றுக்கு அலைந்தாள். டீச்சர்தான் மதுரைக்கு இரண்டு தடவை போனாள். புரட்டாசியில் ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்க அப்பனையும் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அந்தத் தேதிக்குத்தான் அவன் லாரியில் வெடி லோடு ஏற்றப் போனான். நான் முதலில் சொன்ன சண்டை அதற்கு மறுநாள் நடந்தது.

அடுத்த தேதி தீபாவளி கழித்துக் கிடைத்தது. அப்பனும் வந்தான், ஆத்தாளும் வந்தாள். பிள்ளைக்குச் சளி கட்டியிருந்தது. நெஞ்சில் கரகரவென்று சத்தம் வரும்போது மயக்கம் கொடுக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். சளி விட இருபது நாள் ஆனது. அதற்குள் கார்த்திகை வந்துவிட்டது.

வயசு தாண்டிவிட்டது என்று பேப்பர் திரும்பி வந்த அன்றைக்கு மாரிக்கண்ணன் பால்வாடிக்கு வந்தான். டீச்சர் ஏதாவது திட்டுவாள் என்று நினைத்து வந்தவன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டு நின்றான்.

"திட்டுங்க டீச்சர்" என்றான்.

"உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நானும் மூணு வருசம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். போங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது குறைந்துபோனது. ஓவியாவைக் கூப்பிட வேண்டுமானால் வாசல் பலகையைக் காலால் மிதிக்க வேண்டும், அதிர்வு தெரிந்து திரும்புவாள் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பழக்கினாள். பேசும்போது அவள் முகத்துக்கு நேரே நின்று பேச வேண்டும் என்றாள். மூன்று வயதுப் பொடிசுகூட அதைச் செய்தது. பெரியவர்கள்தான் மறந்து மறந்து முதுகுக்குப் பின்னால் கத்தினோம்.

தை மாதம் மதுரைப் பக்கம் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் இடம் கிடைத்தது. விடுதியில்தான் தங்க வேண்டும். விட்டுவிட்டு வரும்போது ஓவியா அழவில்லையாம். தாயும் தகப்பனும் டீச்சரும் அவளை அங்கே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பப் போகிறார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்ல வழியும் தெரியவில்லை. பஸ்ஸில் பாண்டீஸ்வரி, "நான் செத்துப் போனேன்னு நெனைச்சுக்கிடுவாளோ டீச்சர்" என்று கேட்டுக்கொண்டே வந்தாளாம். டீச்சர் இதைச் சொல்லும்போது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் விடுதியில் பிள்ளைகளைப் போனில் பார்க்க விடுவார்கள். பாண்டீஸ்வரி வீட்டில் பட்டன் போன்தான் இருந்தது. அதைக் காதில் வைத்து அந்தப் பிள்ளையோடு என்ன பேசுவது. பொன்மணி சிவகாசியில் ஒரு கடைக்குப் போய், தன் கைக்காசில் ஒருவர் வைத்திருந்து விற்ற டச் போன் ஒன்றை வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தாள்.

முதல் ஞாயிறு பால்வாடித் தரையில் உட்கார்ந்துதான் பேசினார்கள். ஓவியா தெரிந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். தாயைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வேகவேகமாக என்னவோ சொன்னாள். விரலை மடக்கினாள், விரித்தாள், நெற்றியில் தொட்டாள், மறுபடி மடக்கினாள். எல்லாம் பள்ளியில் புதிதாகப் படித்த கைப்பேச்சு. பாண்டீஸ்வரி டீச்சரைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுறா டீச்சர்?"

"எனக்கும் தெரியலை" என்றாள் பொன்மணி.

திரையில் பிள்ளை மறுபடியும் அதையே சொன்னாள். இப்போது மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. மூன்றாவது தடவையும் சொன்னாள். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டுத் தாயின் முகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்து போன் அணைந்தது.

பாண்டீஸ்வரி போனைச் சேலை முந்தியால் துடைத்து, "எம்புட்டு டீச்சர் கொடுத்தீக?" என்று கேட்டாள். டீச்சர் சொல்லவில்லை. நான் கடைச் சீட்டைப் பையில் பார்த்திருக்கிறேன், எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும். நாலாயிரத்து இருநூறு ரூபாய்.