இரண்டு மாநிலங்களுக்கு நடுவே வசந்தா அண்ணி

சித்தூர் பதிவு அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. பத்திரத்தைக் கடைசியாக ஒருமுறை காட்டிச் சரிபார்த்துவிட்டால் மறுநாள் எல்லோரும் வந்து கையெழுத்திடுவதாக ஏற்பாடு. என் கணவர் சுந்தரம் போனில், “சுதா, எழுந்து வா. அக்கா போயிடுச்சி” என்றார். எங்கே என்று கேட்டேன். அவர் அழும் சத்தம்தான் கேட்டது.

திருப்பதி வீட்டில் காலையில் காபி போட அடுப்பைப் பற்றவைத்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். மாரடைப்பு. வசந்தா அண்ணி என் கணவரின் அக்கா; நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. பேச்சில் இனிப்பு குறைவு. ஆனால் சொன்னால் சொன்னபடி நிற்பவர்.

நான் மருமகளாக வந்த புதிதில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு, கடைசித் தம்பி தங்கராசுவைப் பற்றியது. தங்கராசு உடலால் வளர்ந்தவர், மனத்தால் சிறு குழந்தை. “இவனுக்கு சோறு போடறது உன் தலையில வந்த வேல இல்ல. புடிச்சிருந்தா போடு. இல்லன்னா எங்கிட்ட சொல்லு, வந்து இட்டுக்கினு போயிடறேன்” என்றார். மாமியார் காலமானதும் அப்படியே அழைத்துப் போய்விட்டார்.

என் மாமனாருக்கு ஆந்திரப் பக்கம் பாலசமுத்திரத்தில் மாந்தோப்பு. எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கரும்பு நிலம். தங்கராசுவுக்குக் கையெழுத்து வராது என்பதால் அவரை விட்டுவிட்டு, அண்ணி, என் கணவர், அவருக்கு அடுத்தவர் கோபி ஆகிய மூவர் பெயரில் உயில் எழுதிவிட்டுப் போனார். அது அண்ணியை உறுத்திக்கொண்டே இருந்தது. தங்கராசுவைப் போன்ற ஒருவரை வார்டில் சேர்த்துவிட்டு, டீ வாங்கி வருவதாகக் கீழே போன அண்ணன் திரும்பி வராததை அவர் பார்த்திருக்கிறார். “அந்த அண்ணன் கெட்டவன் இல்ல சுதா, களைச்சிப் போனவன். நாளைக்கு நாமளும் களைச்சிப் போவோம்” என்றார்.

ஓய்வுபெற்றதும் திருப்பதியில் ஓர் ஆடிட்டரிடம் யோசனை கேட்டார். நிலம் முழுவதையும் குடும்ப டிரஸ்டில் வைக்கலாம்; அதை நிர்வகிக்கும் டிரஸ்டியாகத் தனி ஆளைப் போடாமல், குடும்பத்தாரே நடத்தும் ஒரு சின்ன கம்பெனியைப் போடலாம்; ஒருவர் போனால் இன்னொருவர் டைரக்டராக வருவார்; தங்கராசுவின் சாப்பாடும் வைத்தியமும் நிற்காது என்றார் அவர். அண்ணி வீட்டுக்கு வந்து அதை ஒரே வரியில் சொன்னார். “ஆளு செத்துடும். கம்பெனி சாவாது.”

அதன்பின் நாங்கள் பட்ட அலைச்சலை இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. டிரஸ்ட் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் முத்திரைக் கட்டணம் ஆந்திராவில் ஒரு மாதிரி, தமிழ்நாட்டில் வேறு மாதிரி. இங்கே ஆந்திராவில் பதிந்தால் அங்கே வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். தோப்புதான் பெரிது, இங்கேயே பதியுங்கள் என்றார் ஆடிட்டர். அந்தப் பக்கம் பதிவதுதான் நல்லது என்றார் திருத்தணி வக்கீல். தமிழில் எழுதிய பத்திரத்துக்கு இங்கே தெலுங்கில் மொழிபெயர்ப்பு கேட்டார்கள். தெலுங்கு வாசகத்தை அங்கே படிக்கவே ஆளில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே மாமனாரின் பெயர். ஆந்திரக் காகிதங்களில் வீட்டுப் பெயரை முன்னால் போட்டு பாலூரு முனுசாமி. தமிழ்நாட்டுப் பட்டாவில் சி. முனுசாமி. “வீரு வேரே, வாரு வேரே அம்மா” என்று இருவரையும் வேறு வேறு ஆளாக்கி, “ரேப்பு ரண்டி” என்று நாளை வரச் சொல்லிவிட்டார் சித்தூர் பதிவு அலுவலகக் குமாஸ்தா. வெளியே வந்து அண்ணி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எங்க நைனா ரோட்டத் தாண்டிப் போய் கரும்பு வெட்டினா வேற ஆளாயிடுவாரா?”

இருவரும் ஒருவரே என்று சான்றிதழ் வாங்குவதற்குள் அடுத்த மாங்காய்ப் பருவம் வந்துவிட்டது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. “நம்ம நெலத்த கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டு, அப்பறம் நாமளே அதுகிட்ட கேட்டுக்கினு நிக்கணுமா?” என்று என் கணவர் முறுக்கிக்கொண்டார்.

“நில்லு. நான் போனப்பறம் தங்கராசு உங்கிட்ட கேட்டுக்கினு நிக்கறதுக்கு, நீ கம்பெனிகிட்ட நிக்கறது மேல்” என்றார் அண்ணி.

அக்காவும் தம்பியும் பல மாதங்கள் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு இருவர் மேலும் கோபம். கடைசியில் என் கணவர் இறங்கிவந்தார். கம்பெனி பதிவானது. பத்திரம் தயாரானது. ஒரே ஒரு நாள்தான் பாக்கி.

காரியம் முடிந்த அன்று, “அக்காவே இல்ல, இனிமே எதுக்கு இதெல்லாம்? பிரிச்சிக்கலாம்ணா” என்றார் கோபி. என் கணவர் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். “அக்கா சொன்னது சொன்னதுதான். துன்னுட்டு ஆடிட்டர்கிட்ட கெளம்பு” என்றார்.

ஆடிட்டர் சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றாதது. அண்ணி உயில் எழுதவில்லை; ஆகவே அவருடைய பங்கு மூன்று தம்பிகளுக்கும் சேரும். தங்கராசு இப்போது நிலத்துக்குச் சொந்தக்காரர். சொந்தக்காரர் என்பதால் அவர் கையெழுத்தும் வேண்டும். அவரால் போட முடியாது என்பதால், அவர் சார்பில் போடக் காப்பாளரை நியமிக்கச் சொல்லி மனுச் செய்ய வேண்டும். வாரிசுச் சான்றிதழிலிருந்து எல்லாம் புதிதாக, இரண்டு மாநிலத்திலும். தங்கராசுவுக்கு அப்பா கொடுக்காததை அண்ணியின் சாவு கொடுத்தது. அண்ணி கட்டி முடிக்க இருந்ததை அதே சாவு தடுத்து நிறுத்தியது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கராசுவைப் பாலசமுத்திரத்துக்கு அழைத்துப்போனோம். என் கணவர் அவர் தோளைப் பிடித்து, “இதுல உனக்கும் பங்கு இருக்குதுடா” என்று தோப்பைக் காட்டினார். தங்கராசு மரங்களை மெல்லப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். வருடக்கணக்கில் காதில் விழுந்த பேச்சுதான் வாயில் வந்தது.

“அக்கா கையெய்த்து போட்டுச்சா?”

இன்னும் இல்லை, அண்ணி. நாளைக்குக் காலையில் நானும் உங்கள் தம்பியும் மறுபடி சித்தூருக்குப் போகிறோம். நாங்கள் களைத்துப்போவதற்குள் முடித்துவிடுவோம். நீங்கள் போய் வாருங்கள்.