உள்ளங்கைப் பரீட்சை

"மாட்டுது. போ, எண்ணெய் தடவிகினு வா."

காலைப் பயிற்சி முடிந்து வியர்வை சொட்ட நிற்கும் பெண்கள் வரிசையாகக் கையை நீட்டுகிறார்கள். ஸ்வர்ணலதா, விசில் கயிற்றில் முடிந்து வைத்திருக்கும் மாம்பழ நிறப் பட்டுத் துண்டை ஒவ்வொரு உள்ளங்கையின் மேலும் மெல்ல இழுக்கிறார். வழுக்கிக்கொண்டு போனால் வீட்டுக்குப் போகலாம். எங்காவது ஓர் இழை சிக்கினால், கூடைக் கம்பத்தடியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தேடிப் போக வேண்டும்.

வேறு எந்த ஊர்க் கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கும் இந்த வேலை இருக்காது. ஆரணியில் இவருடைய கல்லூரி அணியில் பாதிப் பேர் பட்டுத் தறி ஓடும் வீட்டுப் பெண்கள். பந்து பிடித்துப் பிடித்துக் கை காய்த்துவிட்டால், அந்தக் கை பட்ட இடத்தில் பட்டு பிசிறு கிளம்பும். பிசிறு கிளம்பினால் மறுநாள் அம்மா அனுப்ப மாட்டார். "வேலூர் டீம ஜெயிக்கிறது பெரிய விஷயமா? இவளுங்க அம்மாவ ஜெயிக்கணும். அதான்யா மேட்ச்சு" என்பார் ஸ்வர்ணலதா.

தன் கையில் மட்டும் எண்ணெய் வைப்பதில்லை. "இதுக்கு இனிமே வெண்ணெயே தடவினாலும் ஆவாது."

ஐந்தடி உயரம், அதற்கு மேல் ஓர் அங்குலம் இருப்பதாக அவர் மட்டும் சொல்லிக்கொள்கிறார். அந்த உயரத்தில் பல்கலைக்கழக அணியில் ஆடினார் என்றால் காரணம் அவர் வீட்டுத் தறிதான். குழித்தறிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில்தான் பந்தைத் தட்டிப் பழகினார். முழங்காலுக்கு மேல் எழும்பினால் பந்து, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலில் விழும். பாவில் விழுந்தால் முதுகில் அடி விழும். ஆகவே பந்து தரையை விட்டு எழும்பவே இல்லை. ஆறடிப் பெண்கள் குனிந்து குனிந்து இடுப்பு பிடித்து நின்றார்கள். இவர் அவர்கள் கைக்குக் கீழேயே பந்தைக் கொண்டுபோனார்.

கடைசி வருஷம் முட்டி ஜவ்வு கிழிந்ததோடு ஆட்டம் முடிந்தது. உள்ளூர்ப் பட்டு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாம் நாள், கல்யாணப் பெண் ஒருத்திக்கு அரக்குச் சேலையை விரித்துக் காட்டும்போது இவர் தடவிய தடமெல்லாம் நூல் எழும்பி நின்றது. முதலாளி பில் போடும் மேசைக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்துதான் பயிற்சியாளர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டது. இன்றைக்கும் இவருடைய கல்யாணப் பட்டை மடித்து வைப்பது கணவர் பிரபாகரன்தான். "எங்க வூட்டுல அந்த டிபார்ட்மெண்ட் அவுருது."

பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டார். காலை அகட்டி, முட்டியை மடக்கி, களம்பூர் வரைக்கும் தடுப்பாட்ட நிலையிலேயே நிற்பார். கல்யாணப் பந்தியில் முதுகைக் கொடுத்து ஆளை ஒதுக்கி இலையைப் பிடிப்பதைப் பார்த்தால், கூடையில் பட்டுத் திரும்பும் ரீபவுண்டுப் பந்தை எடுப்பது எப்படி என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன தை மாதம், வேலூரில் திங்கட்கிழமை இறுதி ஆட்டம். இந்தக் கல்லூரி அணி அதுவரை எட்டிப் பார்க்காத இடம். சனிக்கிழமை காலைப் பயிற்சிக்குத் தேவிப்ரியா வரவில்லை. பந்தைத் தாழ்வாகத் தட்டி எதிர்க் கூடை வரை கொண்டுபோகத் தெரிந்த ஒரே பெண் அவள்தான். போன் போட்டதும் எடுத்தாள். "பாவு தீந்துபோச்சு மிஸ். பிணைக்கிறவருக்கு ஜுரமாம். அம்மா என்னைய உக்காரச் சொல்லிட்டாங்க. முகூர்த்தச் சேலை மிஸ்."

தறியில் பழைய பாவு முடியும்போது, அதன் ஒவ்வோர் இழை முனையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்தால் திங்கட்கிழமை தாண்டிவிடும்.

ஸ்வர்ணலதா போனை வைத்தார். கொஞ்ச நேரம் பந்தைத் தட்டினார். பிறகு விசில் ஊதினார். "எல்லாரும் பஸ் ஏறுங்க. ஜல்தி!"

முள்ளிப்பட்டில் தேவிப்ரியாவின் அம்மா கற்பகம் வாசலுக்கு வந்து, இறங்கி வரும் கூட்டத்தைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார்.

"இன்னா டீச்சர், பொண்ணு பாக்க வந்தா மாதிரி மொத்தமா வந்துகினு கீறீங்க?"

"ஆள் மாத்தி ஆள் உக்காருவாங்கக்கா. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடலாம்."

"பந்து அடிக்கிற கையா? என் பாவுலயா? நல்லா சொன்னீங்க போங்க!"

ஸ்வர்ணலதா பட்டுத் துண்டை அவிழ்த்து நீட்டினார். கற்பகம் அதைத் தொடவில்லை. உள்ளே போய்ச் சுத்தமான ஒற்றைப் பட்டிழையைக் கொண்டுவந்தார். துணியை ஏமாற்றலாம், இழையை ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு பெண்ணும் கையை நீட்டினாள். இழை நழுவிக்கொண்டே போனது. கற்பகம் ஒரு கையைத் தூக்கி முகர்ந்தே பார்த்துவிட்டார். "இன்னாடி இது, இட்லிப் பானைக்கு எண்ணெய் தடவினா மாதிரி..."

அணியிலேயே உயரமான அன்புச்செல்வியிடம் வந்தபோது இழை நின்றது.

"நீ எந்த ஊரு?"

"களம்பூருங்க. அரிசி மில்லுகிட்ட."

"அத்தான பாத்தேன், தறி வூட்டுப் பொண்ணு இல்ல. நீ டீ போடு, போ."

பிறகு இழையோடு ஸ்வர்ணலதாவின் முன்னால் நின்றார். "டீச்சர் கைய காட்டலியே?"

ஸ்வர்ணலதா கையைப் பின்னால் கட்டியிருந்தார். பெண்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் நீட்ட வேண்டியதாயிற்று. வைத்த இடத்திலேயே இழை ஒட்டிக்கொண்டது. "நான் விசிலுக்கு மட்டும்தாங்கக்கா" என்றார்.

இரண்டிரண்டு பேராகத் தறிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கினார்கள். ஒருத்திக்குக் கழுத்து வலித்து முதுகு நெளிந்ததும் விசில்: "சப்ஸ்டிடியூஷன்!" அடுத்தவள் இடத்தைப் பிடித்தாள். "பேஜார் பண்ணாதீங்க டீச்சர், காது கிழியுது" என்று திட்டிய கற்பகம் மத்தியானத்துக்கு மேல் தானே கையைத் தூக்கினார். "டைம் அவுட்டு டீச்சர். எனக்கு ஒரு டீ."

மறுநாள் காலை, தூணோரம் நின்ற ஸ்வர்ணலதா சட்டென்று குனிந்தார். "தேவி, நிறுத்து. இடது பக்கம் ஒண்ணு குறுக்கால போய் மாட்டிகினு கீது பாரு." விரல் பாவுக்கு மேலேயே நின்றுவிட்டது. தொடவில்லை.

கற்பகம் நிமிர்ந்தார். "உங்களுக்கு இந்த வேலை தெரியுமா?"

"எங்க தெருவுலயே நான்தாங்கக்கா வேகமா பிணைப்பேன். அண்ணாமலையார் கோயில் தீபத்துக்குப் போற அவசரத்துலகூட ஒரு இழை தப்பாது."

"அப்புறம்?"

அப்புறம் ஒரு போட்டி வந்தது. போகாதே என்று சொன்ன அம்மா சாவித்திரியை மீறிப் போனார். கோப்பையோடு திரும்பிப் பாவின் முன்னால் உட்கார்ந்தபோது, முதல் இழையே கையில் சிக்கி அறுந்தது. அம்மா கத்தவில்லை. "நீ பந்தையே புடி கண்ணு. பாவுல கை வெக்காத" என்று சொல்லிவிட்டு, மகள் உட்கார்ந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டார். அதைச் சொல்லும்போது ஸ்வர்ணலதா தறியைப் பார்க்கவில்லை, தேவிப்ரியாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு இருந்தா ஒண்ணு இல்லன்னு எனக்கு ஆயிடுச்சுங்கக்கா. இவளுக்கு ரெண்டும் இருக்கட்டும்."

கற்பகம் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு குனிந்தார்.

ஞாயிறு மாலை வெயில் ஓட்டுச் சந்து வழியாக உள்ளே விழும்போது கடைசி இழையைத் தேவிப்ரியா முறுக்கினாள். கற்பகம் பாவை மெல்ல இழுத்து இறுக்கினார். ஓர் இழைகூடத் தொங்கவில்லை. தேங்கிய தண்ணீர்போல அந்த மஞ்சள் பாவு அப்படியே விறைத்து நின்றது.

"நாளைக்கு எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டார் கற்பகம்.

"காலைல ஆறுக்குங்கக்கா."

"நானும் வரேன். அப்படி இன்னாதான் கீது அந்த ஆட்டத்துலன்னு பாக்கணும்." வாசல் பக்கம் நகர்ந்த ஸ்வர்ணலதாவை விடவில்லை. "எங்க போறீங்க? இவ்ளோ கத்திட்டு சும்மா போவீங்களா? வந்து தொட்டுப் பாருங்க."

ஸ்வர்ணலதா தறியருகே வந்தார். உள்ளங்கையைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்தார். கையை நீட்டினார், பாவுக்கு மேல் ஒரு விரற்கடையில் நிறுத்தினார். பிறகு விரல்களை உள்ளே மடக்கி, கையைத் திருப்பி, குழந்தையின் நெற்றியில் ஜுரம் பார்ப்பதுபோலப் புறங்கையைப் பாவின் மேல் வைத்தார்.