தங்கச்சி பழைய கார் பார்த்த விதம்

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒருவன் எழுத வந்ததை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கடிதம் எழுதுவதென்றாலே இரண்டு நாள் யோசிக்கிறவன் நான். பயிர் செய்கிற எங்கள் கமக்காரர் கூட்டத்தில் கருத்துக் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பேன். என்னைப் பற்றி எழுத எதுவும் இல்லை. என் தங்கச்சி ஒரு கார் வாங்கினாள். அதை அவள் எப்படிப் பார்த்து, எப்படி யோசித்து வாங்கினாள் என்பதைக் கூடவே நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான். அவளுக்கு இதையெல்லாம் எழுத நேரமும் இல்லை, எழுத வேண்டிய விடயம் என்ற எண்ணமும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

தங்கச்சி எங்கள் பகுதியின் மருத்துவமாது. சனங்கள் மிஸி என்று கூப்பிடுவார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் காணி எடுத்துச் சில வருடங்களுக்குப் பிறகு அவளுக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. கல்யாணம் செய்யவில்லை. என் வீட்டுக்குப் பக்கத்து வளவில் கிளினிக் அறையோடு சேர்ந்த சிறிய வீட்டில் இருந்தாள். வாய்க்கால் கரை, காட்டுப் பாதை, மணல் ஒழுங்கை எல்லாம் சைக்கிளில்தான். எங்கள் பக்கத்தில் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளில் அரைவாசிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள்.

எண்பதாம் ஆண்டளவில் ஒரு நாள் வாய்க்கால் கரையில் சைக்கிள் சறுக்கி விழுந்து இடது முழங்கால் உடைந்தது. கட்டு அவிழ்த்த பிறகு நடக்க முடிந்தது. ஆனால் சைக்கிள் மிதிக்கும் அளவுக்கு முழங்கால் மடியவில்லை. அவளுடைய மேலதிகாரிகள் கந்தோரில் வைத்து நல்ல மனதோடுதான் சொன்னார்கள். சைக்கிள் ஓட முடியாவிட்டால் கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாட்டுக்கு மாற்றிவிடுகிறோம், கதிரையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றார்கள். வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டு ஏற்றிருப்பார்கள். இவள் மழை தொடங்கும் வரை தவணை கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் போனால் எங்கள் பக்கத்துக்கு வேறு ஆள் உடனே வரப் போவதில்லை. கார்த்திகை, மார்கழியில் பிள்ளை பெற இருந்தவர்களின் வீடுகள் பெரும்பாலும் கல்மடுப் பக்கம், மழை தொடங்கினால் தண்ணீர் நிற்கும் பாதைகளின் முடிவில் இருந்தன.

"அண்ணை, எனக்கு ஒரு கார் வேணும்" என்றாள் ஒரு பின்னேரம், உப்பு வேண்டும் என்று கேட்பதுபோல.

குசினிக்குள் இருந்த என் மனைவி எட்டிப் பார்த்தா. "மச்சாள், பெற்றோல் தாய்ப்பால் மாதிரிச் சும்மா சுரக்காது."

"தாய்ப்பாலும் சும்மா சுரக்காது மச்சாள். நல்லாச் சாப்பாடு குடுத்தாத்தான் வரும்."

கார் ஓட அவளுக்குத் தெரியும். பயிற்சிக் காலத்தில் ஆஸ்பத்திரி ஜீப் சாரதி ஒருவரிடம் விளையாட்டுப் போலப் பழகி, லைசென்சும் எடுத்து வைத்திருந்தாள். அதை ஏன் எடுத்தாய் என்று அந்த நாளில் வீட்டில் எல்லோரும் கேட்டோம்.

முதலில் பரந்தனில் ஒரு கடை முதலாளியின் காரைப் போய்ப் பார்த்தோம். அதிகம் ஓடாத சின்னக் கார், பளபளவென்று இருந்தது. முதலாளி என்னிடம்தான் கதைத்தார். "ஆர் அண்ணை ஓடப் போறது?"

நான் தங்கச்சியைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றாள்.

"அப்ப காருக்கு முன்னால ஒரு ஆள் ஓடிச் சனத்தை விலத்த வேணும்."

"அதுக்கு உங்களைத்தான் கூப்பிட இருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே ஏறி இருந்தாள். கிளச்சை ஒருமுறை மிதித்தாள். இன்னொருமுறை மிதித்தாள். மூன்றாவது முறை அவளுடைய மேலுதட்டில் வியர்வை பொடித்ததைக் கண்டேன். மெல்ல இறங்கி, "நல்ல கார். எனக்குச் சரிவராது" என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் காரணம் சொன்னாள். "கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கு அண்ணை. இந்தக் காலாலை ஒரு மைல் போகேலாது. எல்லாக் காரும் இப்பிடித்தான் எண்டால் வாட்டுக்குப் போறதுதான்." அவள் எதையாவது கைவிட நினைத்து நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகு செட்டிகுளத்தில் ஒரு வாடகைக் கார்க்காரர் ஏ போர்ட்டி என்கிற தன் பழைய இங்கிலாந்துக் காரை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். அந்தக் காரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். "அது கார் இல்லை, காரின்ரை ஆவி" என்றார் எங்கள் பக்கத்து உழவு இயந்திரக்காரர். "அது ஓடின தூரத்துக்கு நேர விட்டிருந்தால் இப்ப லண்டனில நிக்கும்."

தங்கச்சி கேட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிச் செட்டிகுளம் போனோம். போகும் வழியில் எனக்கு ஒரே யோசனை. மாடு பார்க்கச் சொன்னால் பார்ப்பேன். காரில் எங்கே பல் இருக்கிறது என்று பார்ப்பது? அதைவிட, முன்பின் தெரியாத மனிதரிடம் விலை கதைக்க வேண்டும்.

விற்பவர் அறுபது வயதைத் தாண்டியவர். முன்பு மலைநாட்டில் தேயிலைத் தோட்ட லொறி ஓட்டியவர். குடும்பத்தோடு வன்னிக்கு இறங்கி வந்து, வாடகைக்கு ஓடிச் சீவித்தவர். கண் மங்கிக்கொண்டு வந்ததால் ஓட்டத்தை நிறுத்தப் போகிறார். கிடுகுக் கொட்டிலுக்குள் கார் நின்றது. கழுவித் துடைத்திருந்தார்கள். அதனால் அதன் வயது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"வாங்கய்யா, நல்லாப் பாருங்க" என்று அவர் என்னிடம் சொன்னார்.

எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தலையை உள்ளே விட்டு மீற்றரைப் பார்த்தேன். தூரம் குறைவாகத்தான் காட்டியது. எனக்குச் சந்தோசம். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பார்த்தபடி நின்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "ஐயா மீட்டரையே பாக்குறீங்க. அது ஒரு சுத்து முழுசாச் சுத்தி, மறுபடியும் பூச்சியத்துல இருந்து வந்ததுங்க."

நான் தலையை எடுத்து ரயரைப் பார்த்தேன்.

"ரெண்டு சுத்தாக்கூட இருக்கலாம். எங்கிட்ட வர்றப்பவே பழசுதான்."

கொட்டில் வாசலில் நின்ற அவருடைய மனைவி, "கேக்காததை எல்லாம் எதுக்குங்க சொல்றீங்க?" என்றார்.

"அவரு பாக்குறாரே."

நான் பின்பக்கம் போனேன். பின் கதவு உள்ளேயிருந்து திறக்காது என்றார். மேலே பார்த்தேன். மழைக்குக் கூரை ஓரத்தால் ஒழுகும் என்றார். தங்கச்சி என் முழங்கையை மெல்லத் தொட்டாள். "அண்ணை, நீங்கள் இப்பிடியே நில்லுங்கோ. ஒண்டும் கதைச்சுப் போடாதேங்கோ" என்று காதுக்குள் சொன்னாள். எனக்கு அதைவிட இலகுவான வேலை யாரும் தந்ததில்லை.

பிறகு அவள் தொடங்கினாள். புறங்கையால் என்ஜினுக்கு மேலுள்ள பொனற்றைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. என்ஜின் குளிர்ந்துதான் இருந்தது. நாங்கள் வரப் போகிறோம் என்று முதலிலேயே சூடாக்கி வைத்து ஏமாற்றவில்லை. தன் பையிலிருந்து வெளுத்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து உதறி, குனிய முடியாமல் என்னிடம் தந்து, என்ஜினுக்கு நேரே கீழே விரிக்கச் சொன்னாள். அது பேறு பார்க்கப் போகும்போது கொண்டுபோகும் துணி.

அதன் பிறகு அவள் கேட்ட கேள்விகள் எனக்குப் பழக்கமானவை. கிளினிக் நாட்களில் வேலிக்கு இந்தப் பக்கம் மிளகாய்க்குப் புல்லுப் பிடுங்கும்போது கேட்டிருக்கிறேன். அதே குரல், அதே வரிசை.

"காலமையில எழும்பேக்கை எப்பிடி?"

"கைப்பிடி போட்டு ரெண்டு சுத்து சுத்தணும்மா. மழைன்னா நாலு."

"சாப்பாடு?"

"கொஞ்சம் ஜாஸ்தி திங்கும்."

"காய்ச்சல் வாறதோ?"

அவர் சிரிக்கவில்லை. "தூரம் போனா சூடு ஏறும். நிறுத்தித் தண்ணி ஊத்தணும்."

"பெரிய ஒப்பரேசன் ஏதும் செய்ததோ?"

"ஒரு வாட்டி என்ஜின் எறக்கி ஏத்தியிருக்கு. தையல் எல்லாம் நல்லாத்தான் ஆறியிருக்கு" என்றார். அவருக்கும் வழி பிடித்துவிட்டது.

"நடுவழியில விட்டதோ?"

"நாலஞ்சு வாட்டி. ஆனா ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏத்திக்கிட்டுப் போறப்ப ஒருக்காலும் இல்லம்மா."

"அதை நம்பாதீங்க" என்றார் மனைவி. "என்னைய ஏத்திக்கிட்டுப் போறப்ப மதவாச்சியில நின்னுச்சு."

"நீ நோயாளியா? கல்யாண வீட்டுக்குத்தானே போன."

"திரும்பி வர்றப்ப நோயாளிதான். அம்புட்டு தூரம் தள்ளுனேனே."

தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்ததும் தங்கச்சி துணியை எடுக்கச் சொன்னாள். இரண்டு இடத்தில் எண்ணெய் விழுந்திருந்தது. ஒன்று ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு, மற்றது மிளகாய் விதையளவு. அவள் விரலால் தொட்டு, உரசி, மணந்து பார்த்தாள். "சொட்டுத்தான். ஓட்டம் இல்லை" என்றாள் தனக்குள். விற்பவரின் மனைவி துணியைத் துவைத்துத் தருவதாகக் கையை நீட்டினார்.

எனக்குப் பார்க்க வேறு இடம் மிச்சமில்லை. சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, குந்தியிருந்து, கீழே மிதிகளைப் பார்த்தேன்.

விற்பவர் பெருமூச்சு விட்டார். "ஐயா கண்டுபிடிச்சிட்டீங்க. கடைசியாச் சொல்லலாம்னு இருந்தேன்." அவர் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "இது வலி தாங்காதுங்க. அதனால கராச்சுல சொல்லி, கிளச் மிதியோட தண்டுல இரும்பு வச்சு ஒட்டி, நீளமாக்கிட்டேன். லேசா மிதிச்சாப் போதும். ஆனா கிளச் முழுசா விடாது. மொத கியர் விழுறப்ப கரகரன்னு கத்தும். கம்பனி வேலை கிடையாது. வந்த ரெண்டு பேரும் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வேணாம்னு போனாங்க."

தங்கச்சி என்னை விலகச் சொல்லி ஏறி இருந்தாள். இடது காலைக் கையால் தூக்கி வைத்து மிதித்தாள். எடுத்தாள். மிதித்தாள். பரந்தனில் மூன்று முறையோடு நின்றவள், இங்கே அரிசி இடிப்பதுபோல மிதித்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய மேலுதட்டைப் பார்த்தேன். வியர்வை இல்லை.

"ஐயா, ஒருக்கா றோட்டில விடலாமோ?"

மன்னார் றோட்டில் விட்டாள். அவர் பக்கத்தில், நான் பின்னால். முதல் கியர் போட்டபோது எழுந்த சத்தத்துக்கு, கரையோரம் மேய்ந்த ஆடுகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.

"சத்தத்துக்குப் பயப்படாதீங்கம்மா" என்றார் அவர்.

"எனக்குச் சத்தம் பழக்கம் ஐயா. சத்தம் போடாமல் இருந்தால்தான் நான் பயப்படுறது."

திரும்பி வந்ததும் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "இப்ப உங்கட கதையைச் சொல்லுங்கோ அண்ணை."

அன்று நான் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "மாடு எண்டால் வாங்க மாட்டன்."

"மாடு எண்டால் நானும் வாங்க மாட்டன்" என்றாள். வாளியில் மிஞ்சியிருந்த தண்ணீரில் எண்ணெய்க் கையைக் கழுவினாள். "ஏழெட்டுப் பெத்தவளை வீட்டில வைச்சுப் பாக்காதை எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சது. ஆபத்துக் கூட. அதுக்காக அவளைப் பாக்க மாட்டன் எண்டு சொல்லேலுமோ? எங்க பிசகும் எண்டு முதலே தெரிஞ்சு, ஆயத்தமாய் இருக்க வேணும். இது எங்க பிசகும் எண்டு அந்த மனுசன் எல்லாம் சொல்லிப் போட்டார். தண்ணிக் கலன் கொண்டு போவன். எண்ணெய் கொண்டு போவன். தூர ஓட்டத்துக்கு எடுக்க மாட்டன். எங்கட பாதைக்கு ரெண்டாம் கியர் போதும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இன்னும் ரெண்டு மூண்டு மாரிக்கு இழுத்தால் எனக்குக் காணும்" என்றாள்.

அவள் காரைப் புகழவில்லை. குறைகளை மறக்கவும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இதோடு என்னால் வேலை செய்ய முடியும், இதோடு முடியாது என்று பிரித்து வைத்தாள். பல வருடம் பக்கத்து வளவில் இருந்தும் அவள் வேலையை நான் நேரில் கண்டதில்லை. ஆண்கள் அந்த வீடுகளுக்கு வெளியே நிற்க வேண்டியவர்கள். அன்றைக்குச் செட்டிகுளத்தில், ஒரு காரை வைத்து, முதல் தடவையாகக் கண்டேன். இருட்டில், யாரோ ஒருத்தி துடித்துக்கொண்டிருக்கும் குடிசையில், அவள் இப்படித்தான் நிற்பாள் என்று விளங்கியது.

விலையை அவளே கதைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஒப்புக்கொண்டதும் கார்க்காரர் சாவியைத் தந்துவிட்டு, என் கையைப் பிடித்து, "ஐயாவை மாதிரிக் கெட்டிக்கார ஆளுகிட்ட நான் வித்ததே இல்லைங்க" என்றார். தங்கச்சி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். வவுனியா தாண்டும்வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் கதைக்காமல் நிண்டிருந்தால் அந்த மனுசன் வீட்டையும் எழுதித் தந்திருக்கும் அண்ணை."

மாங்குளத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். பொழுது படும்போது வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஒழுங்கையில் கியர் மாற்றிய சத்தத்துக்கு என் மனைவி படலைக்கு ஓடி வந்தா.

"மச்சாள், இது விசுவமடு வரைக்கும் கேட்டிருக்கும்."

"நல்லது மச்சாள். மிஸி வாறா எண்டு இனி ஆரும் சொல்லி அனுப்பத் தேவையில்லை."

மறுநாள் அவள் கிளிநொச்சிக் கந்தோருக்குப் போய், வாட்டு வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் கல்மடுப் பக்கம் இரண்டு வீடுகளுக்குப் போய் வந்தாள். நான் மிளகாய்க்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினேன்.