முன்சீட்டில் மாமாவும் அண்ணனும்

அன்றைக்குச் சேத்துப்பட்டு ஏரிக்கரையில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் அக்கா, அக்கா வீட்டுக்காரரான மாமா, அவர்களுடைய ஒரே மகள், என் அண்ணன், நான். அண்ணி தலைவலி என்று வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி. யார் யார் இருந்தோம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு எங்கள் சொந்தத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பெரியவர்கள் கூடிப் பஞ்சாயத்து பண்ணினார்கள் என்று ஒரு பேச்சு. அண்ணன் மாமா காலில் விழுந்தார் என்றுகூட ஒரு பேச்சு. அப்படி எதுவும் இல்லை. இருந்தது ஐந்து பேர்தான். அதிலும் படகில் ஏறியது நாலு பேர்.

நான் மயிலாப்பூரில் ரவிக்கை தைக்கிறேன். படித்தது எட்டாவது வரைக்கும். எனக்குப் பயம் ஜாஸ்தி. வெளியே கிளம்பினால் கேஸை மூடினேனா என்று மாடிப்படி பாதியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன். அன்று காலையில் எலுமிச்சை சாதம் கட்டும்போதே தண்ணீர், படகு, மழை என்று மூன்று கவலை சேர்ந்துவிட்டது. ஆனால் அந்த மூன்றையும்விடப் பெரிய கவலை வேறு. மாமாவும் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை.

மாமா ஆட்டோ ஓட்டுகிறார். இன்ஜின் வேலைக்குப் பணம் தேவைப்பட்டபோது அண்ணன்தான் பதினெட்டாயிரம் கொடுத்தார். அவர் தி.நகரில் ஒரு பாத்திரக் கடை குடோனில் வேலை பார்க்கிறார். முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்த பணம் அது. கொடுத்து நாளாகியும் திரும்பி வரவில்லை. அப்புறம் மாமாவின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. பந்தியில் மாமா சாம்பார் பரிமாறிக்கொண்டு வருகிறார். அண்ணன் இலை முன்னால் உட்கார்ந்தபடி, மாமா, அந்தப் பணம் இன்னாச்சு என்று கேட்டுவிட்டார். மாமா வாளியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனவர்தான். கேட்டது தப்பில்லை என்று மாமாவே பிறகு சொன்னார். தன் ஆட்கள் எல்லாரும் சாப்பிடும் பந்தியில், கையில் வாளியோடு நிற்கும்போது கேட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலாக அவர்களுக்கு நான்தான் டெலிபோன். அவர் சொன்னதை இவரிடம் சொல்வேன், இவர் சொன்னதை அவரிடம் சொல்வேன். கொஞ்சம் சர்க்கரை போட்டுத்தான் சொல்வேன்.

இதற்கு நடுவில் அக்கா மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. எங்கள் பக்கம் தாய்மாமன்தான் மாலை போட்டுப் பெண்ணை மேடைக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். மாமா தன் வாயால் கூப்பிடாமல் மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அவன் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்ததும் முதலில் கேட்பதே தாய்மாமன் எங்கே என்பதைத்தான். அந்தப் பெண் என்னிடம் அழவில்லை. மாலை அளவு மட்டும் கேட்டாள். தாய்மாமா குட்டை, நான் உயரம், எட்டுமா சித்தி என்றாள். அன்று எனக்கு ஒரு ரவிக்கையின் கை கோணலாகிவிட்டது.

ஏரிக்குப் போகலாம் என்றது அக்கா ஏற்பாடு. அவர்கள் வீடு பக்கத்திலேயே, நடந்தே வந்துவிடலாம். மாமாவிடம் நான் மட்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மாம்பலத்தில் ரயிலேறி வந்து இறங்கிய அண்ணனிடம், மாமாவுக்கு அன்று சவாரி என்று சொல்லியிருக்கிறாள். டிக்கெட் வாசலில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணன் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா அறிவிப்புப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார்.

பெடல் படகில் நாலு பேர் உட்காரலாம். தனக்குத் தலை சுற்றும் என்று அக்கா பையோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினத்தில் இரண்டு தரம் ஏறியவள் அவள். அது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்போது என் கவனமெல்லாம் லைஃப் ஜாக்கெட்டின் பக்கிள் மேல் இருந்தது. தண்ணி எவ்வளவு ஆழம் என்று படகுக்காரரைக் கேட்டேன்.

"நின்னா மார் வரைக்கும்மா. உக்காந்தாதான் பிரச்சினை" என்றார். பிறகு மாமாவையும் அண்ணனையும் மேலும் கீழும் பார்த்தார். "வெயிட்டு ரெண்டும் முன்னாடி ஏறுங்க. லேடீஸ் பின்னாடி. இல்லாட்டி படகு சாயும்."

படகு சாயும் என்றதும் நான் யாரையும் யோசிக்க விடவில்லை. முதல் ஆளாகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் மாமா மட்டும் மிதித்தார். அண்ணன் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். மாமா திரும்பாமலேயே, "பின்னாடி கீறவங்க சொல்லுங்கம்மா, இது சும்மா ஒக்காந்துக்கினு போற வண்டி இல்லன்னு" என்றார்.

இரண்டு பேர் தோளும் இடித்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் பழக்க தோஷம். "அண்ணா, மிதிக்கணுமாம்" என்றேன்.

"ஹேண்டில அவரே புட்ச்சிக்கினு கீறாரு. நான் எங்க போறதுன்னு மிதிக்கிறது, கேளு."

"மாமா..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு."

அக்கா மகள் துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவில் இருந்த ஹேண்டிலை இப்போது இரண்டு பேரும் பிடித்திருந்தார்கள். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். படகு இரண்டு பக்கமும் போகாமல் நேராக ரயில் பாதை ஓரத்து ஆகாயத்தாமரைக்குள் புகுந்து நின்றது. பெடல் சுற்றவில்லை. கரையில் விசில் ஊதினார்கள். ஒரு மின்சார ரயில் போனது. வாசலில் தொங்கியவர்கள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டு போனார்கள். நான் முண்டகக்கண்ணி அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை வேண்டிக்கொண்டேன்.

மாமா முழு பலத்தோடு ஒரு மிதி மிதித்தார். முட்டி பிடித்துக்கொண்டது. ஆட்டோ ஓட்டி ஓட்டித் தேய்ந்த முட்டி. சத்தம் போடவில்லை, இரண்டு கையாலும் முட்டியை அமுக்கிக்கொண்டு குனிந்துவிட்டார்.

"மாமா, நீ காலை எடு" என்றார் அண்ணன்.

நான் உடனே, "மாமா, காலை எடுக்கச்..." என்று ஆரம்பித்தேன். அக்கா மகள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. அண்ணன் அதை என்னிடம் சொல்லவில்லை.

மாமா காலை எடுத்தார். அண்ணன் பின்பக்கமாக மிதித்து, கையால் வேரைப் பிய்த்துப் போட்டு, மறுபடி மிதித்தார். படகு மெல்ல வெளியே வந்தது. தண்ணீர் அகலமான இடத்துக்கு வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, சேறு போகக் கையைக் கழுவினார். படகு தானாகக் கொஞ்சம் மிதந்தது. பக்கத்தில் வேறு படகு இல்லை.

"இங்க பந்தி இல்ல" என்றார் மாமா. "கேக்கறதுன்னா இப்ப கேளு."

அண்ணன் கையைப் பேண்ட்டில் துடைத்தார். பிறகு மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல, "எப்ப தருவ மாமா?" என்று கேட்டார்.

"கல்யாணம் முடியட்டும். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா தர்றேன்."

"சரி."

"அன்னிக்கு என் கையில வாளி இருந்துச்சு மச்சான்."

"தெரியும் மாமா. ஓனர் காலங்காத்தால போன் பண்ணி கேட்டுட்டான். எனக்கு ஒண்ணும் ஓடல. நீ பாட்டுக்கு வாளிய வச்சிட்டுப் பூட்டே. ரசம் வர்ற வரைக்கும் நான் வெறும் சோத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன்" என்றார்.

அக்கா மகள் துப்பட்டாவை விட்டுவிட்டுச் சிரித்தாள். மாமாவின் முதுகும் குலுங்கியது. படகு ஆடியதால் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கரை நெருங்கும்போது மாமா சொன்னார்: "மாலை நீதான் போடணும். பத்திரிகை அடிச்சதும் உங்கக்காவும் நானும் வீட்டுக்கு வந்து முறையா கூப்பிடறோம். இப்ப வாயால கூப்பிட்டுட்டேன்."

அண்ணன் தலையாட்டினார். முட்டி வலித்த மாமாவை அண்ணன்தான் கைகொடுத்து மேலே ஏற்றினார். பெஞ்சிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா எங்களைக் கேட்டது ஒன்றுதான். யாரும் நனையவில்லையே என்றாள். உடனே தட்டை எடுத்து எலுமிச்சை சாதம் வைத்தாள். உப்பு கம்மி என்று மாமாவும் அண்ணனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

தையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாலை போடும்போது அந்தப் பெண் குனிந்துகொடுத்தாள், எட்டியது. பந்தியில் அண்ணன் சாம்பார் வாளியைத் தானே வாங்கிக்கொண்டார். மாமா இலைக்கு வந்தபோது இரண்டு கரண்டி ஊற்றிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்தார்.

இப்போதும் ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகிறோம். பணத்தைப் பற்றி அண்ணன் வீட்டில் கேட்கமாட்டார், போனிலும் கேட்கமாட்டார். படகு நடுத்தண்ணீருக்குப் போனதும்தான் மெதுவாகக் கேட்பார். மாமா சட்டைப் பையிலிருந்து இருப்பதை எடுத்துக் கொடுப்பார். நோட்டு தண்ணீரில் விழுந்துவிடுமோ என்று நான் பின்னாலிருந்து கையை நீட்டிக்கொண்டே இருப்பேன். போன வாரம் கொடுத்தது போக மாமா அண்ணனுக்குத் தர வேண்டியது இன்னும் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.