கட்டுக்கு எத்தனை

எங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கிய அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை. அது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், வேப்பிலையைச் செருகிய அம்மாவுக்கும் தெரியும். அம்மனுக்கும் தெரிந்திருக்குமே என்ற பயத்தில் அம்மா காலையிலேயே மன்னிப்புக் கேட்டு, ஒரு தேங்காயை நேர்ந்துகொண்டாள்.

விருதுநகருக்கு வெளியே எங்கள் முகாம். இப்போது பலகையில் மறுவாழ்வு முகாம் என்று எழுதியிருக்கிறார்கள். அப்போது அகதிகள் முகாம். மன்னார்க் கரையில் படகேறியபோது அம்மாவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தை அந்தக் கரையிலேயே விட்டுவிட்டு ஏறினாள். இந்தப் பக்கம் இறங்கிய பிறகு அவளை யாரும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகவில்லை. அப்பாவுக்கும் ஏறக்குறைய அதே கதைதான். அவர் பெயின்ட் அடிக்கும் வேலைக்கு ஊர் ஊராகப் போவார். மாதம் ஒருமுறை அதிகாரிகள் வந்து தலையெண்ணும் நாளுக்கு மட்டும் எங்கிருந்தாலும் வந்து வரிசையில் நின்றுவிடுவார். அதை நாங்கள் செக்கிங் என்போம். எண்ணப்படுவது எங்களுக்குப் பழகிய காரியம்.

வீட்டுக்குள்ளே நாங்களும் எண்ணிக்கொண்டிருந்தோம். ஆமத்தூரிலிருந்து ஒருவர் மொபெட்டில் பேப்பரைக் கொண்டுவந்து இறக்குவார். அதைத் துண்டு துண்டாகக் கம்பியில் சுற்றி, ஓரத்தில் பசை தடவி உருவினால் விரல் நீளத்தில் ஒரு குழாய் கிடைக்கும். சிவகாசிப் பக்கம் போன பிறகு அந்தக் குழாய்க்குள் மருந்தை அடைத்துப் பட்டாசாக்குவார்கள். எங்கள் வீட்டுக்கு மருந்து வராது, பேப்பரும் பசையும்தான். அதனாலோ என்னவோ, அம்மா அதை வேலை என்று ஒருநாளும் சொன்னதில்லை. வேலை என்றால் அப்பா போவது. இது அம்மாவும் அக்காவும் பாயில் உட்கார்ந்து செய்வது.

அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தாள். நின்ற நாள் எது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஒரு சீசனில் லோடு கூடுதலாக வந்தது, ஒரு வாரம் போகவில்லை. அப்புறம் மழை. அப்புறம் அம்மாவுக்கு இடுப்புவலி. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவள் பெயர் இருந்தது, அவள் பாயில் இருந்தாள்.

நான் நாலாம் வகுப்பு. சாயங்காலம் வந்ததும் காய்ந்த குழாய்களை எண்ணிக் கட்டுவது என் பொறுப்பு. பன்னிரண்டு குழாய் ஒரு வரிசை, பன்னிரண்டு வரிசை ஒரு கட்டு. கம்பெனியில் அதை குரோஸ் என்பார்களாம். எங்களுக்குக் கட்டு. குழாய் உருட்டுவதில் அக்காவுக்கு ஈடு கிடையாது. எண்ணுவதில் எனக்கு ஈடு கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை ஆமத்தூர்க்காரர் நன்றாக வளர்த்துவிட்டிருந்தார்.

"எம்புட்டுலே ஆச்சு?"

"ஏழு கட்டு. ஆயிரத்தெட்டு."

"இவனை எங்கிட்டக் குடுத்துருங்கக்கா. கால்குலேட்டர் வாங்குற செலவு மிச்சம்."

அம்மா சிரிப்பாள். நான் சிரிக்காமல் கட்டுகளை அடுக்குவேன். பெரிய ஆட்கள் தங்கள் திறமைக்குச் சிரிப்பதில்லை என்று எங்கேயோ பார்த்துவைத்திருந்தேன்.

அந்தத் திறமை பள்ளிக்கூடத்தில் ஒருநாள் என் காலை வாரியது. ஒரு கணக்கு: மூன்று கட்டுகளில் மொத்தம் எத்தனை குச்சிகள்? புத்தகத்தில் பத்துக் குச்சிகளைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்ட படம் இருந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை. கட்டு என்றால் எனக்குத் தெரியாதா? நானூற்று முப்பத்திரண்டு என்று எழுதினேன். சார் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார். வீட்டுக்கு வந்து நோட்டை அக்காவிடம் காட்டி நியாயம் கேட்டேன். அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். அக்கா கையிலிருந்த கம்பி நழுவும்படி சிரித்தாள்.

"பள்ளிக்கூடத்துக் கட்டு வேறை, வீட்டுக் கட்டு வேறையடா. அங்க பத்து, இங்க நூற்றிநாற்பத்திநாலு. இனி ஆரும் கேட்டா, எந்தக் கட்டு எண்டு கேட்டிட்டுச் சொல்லு."

நோட்டை அவள் உடனே திருப்பித் தரவில்லை. அந்தக் கணக்கைத் தாண்டி, முன்னும் பின்னுமாக வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரோடு வந்த அம்மா, பசை காய்ந்துபோச்சு என்று சத்தம் போட்ட பிறகுதான் கொடுத்தாள்.

இது நடந்து சில நாளில் முகாம் தலைவர் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார். மதுரையிலிருந்து ஆள் வருகிறதாம். பிள்ளைகள் வேலை செய்கிறார்களா, பள்ளிக்கூடம் போகிறார்களா என்று விசாரித்து எழுதுவார்களாம். ஒரு பெயர் எழுதப்பட்டாலும் முகாமுக்கே லோடு நின்றுபோகும்.

லோடு நின்றால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். விடியற்காலையில் வாசலுக்கு வரும் வேனில் ஏறி அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போகவேண்டும். முகாமில் நாலைந்து பெண்கள் அப்படிப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு அந்த வேனைப் பார்த்தாலே ஆகாது. படகில் வருவதற்கு முன்னால் கேட்ட சத்தங்கள் அவளுக்குள்ளே அப்படியே இருந்தன. தீபாவளியன்று எல்லோரும் வாசலில் நிற்க, அம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள். வருடம் முழுக்கப் பட்டாசுக்குக் குழாய் உருட்டிக் கொடுத்தவள்.

ஆகையால் வீடு ஒழுங்கானது. கம்பிகள் அரிசி வாளிக்குள் போயின. கட்டுகளின் மேல் அம்மாவின் பழைய சேலை. பள்ளிக்கூட நாளில் அக்கா வீட்டில் இருப்பதற்குக் காரணம் வேண்டும் அல்லவா, அதற்குத்தான் அம்மை. அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் லேசில் நுழையமாட்டார்கள் என்பது கூடுதல் வசதி. அக்கா கழுத்துவரை போர்த்திக்கொண்டு, தலைமாட்டில் வேப்பங்கொத்தோடு படுத்தாள். பசை ஏறிய விரல்கள் போர்வைக்குள்ளே இருந்தன. அம்மை வீட்டுப் பிள்ளை என்று நானும் பள்ளிக்கூடம் போகவில்லை.

"கேட்டா என்ன சொல்லுவாய்?" என்று அம்மா கேட்டாள்.

"வேலை செய்யிறேல்லை."

"பிறகு என்ன செய்யிறனி?"

"விளையாடுறன்."

முகாமில் எல்லா வீட்டிலும் இதே பாடம்தான். ஆள் வருவார்கள் என்று சொன்ன முதல் நாள் யாரும் வரவில்லை. நாங்கள் விளையாடியதுதான் மிச்சம். மறுநாளும் விளையாடினோம். விளையாடு என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள் எப்படி விளையாடுவார்களோ அப்படி. கோலியை வைத்துக்கொண்டு, குண்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல், எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வந்தவர் ஒரே ஒரு பெண், தோளில் பையும் கையில் அட்டையுமாக. நாங்கள் மிஸ் என்றோம். எங்கள் வாசலில் நின்று முதலில் என்னைத்தான் கேட்டார்.

"தம்பி வேலைக்கெல்லாம் போறீங்களா?"

"இல்ல மிஸ். விளையாடுறேன்."

வெளியாட்களிடம் நான் ஊர்ப் பேச்சுத்தான் பேசுவேன். வீட்டுப் பேச்சு வீட்டோடு. மிஸ் அட்டையில் குறித்துக்கொண்டார். அம்மா நிலைப்படியை அடைத்தாற்போல வந்து நின்றாள்.

"மூத்தவளுக்கு அம்மை போட்டிருக்கு. உள்ளுக்கு வராதேங்கோ."

"எனக்குச் சின்னதுலயே வந்து போயிருச்சுக்கா. திரும்ப வராது."

செருப்பைக் கழற்றிவிட்டு, வேப்பிலைக்குக் கொஞ்சம் குனிந்து, அவர் உள்ளே போய்விட்டார். வீட்டுக்குள் வந்துவிட்ட ஆளைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப அம்மாவால் முடியாது. சீனி தீர்ந்திருந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு நாலு வீடு தள்ளிக் கடன் கேட்கப் போனாள். வந்து அடுப்பை மூட்டித் தண்ணீரை வைத்தாள். எல்லாமாகப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தேன்.

மிஸ் வெளியே வந்தார். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"தம்பி, கணக்குல கெட்டிக்காரராமே. ஒரு கட்டுக்கு எத்தனை?"

என் நெஞ்சு நிமிர்ந்தது. வேலையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். கட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"எந்தக் கட்டு மிஸ்? பள்ளிக்கூடத்துக் கட்டா, வீட்டுக் கட்டா?"

"ரெண்டும் சொல்லுங்க."

"பள்ளிக்கூடத்துக் கட்டுக்குப் பத்து. வீட்டுக் கட்டுக்கு நூத்திநாப்பத்திநாலு. ஏழு கட்டுன்னா ஆயிரத்தெட்டு. ஒன்பது கட்டுன்னா ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூத்தாறு."

"அம்புட்டையும் யாரு உருட்டுறா?"

"அக்காதான். பாக்காமலே உருட்டுவா."

நிமிர்ந்து பார்த்தபோது அம்மா தேத்தண்ணியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. டம்ளரை மிஸ்ஸிடம் நீட்டி, "சீனி காணுமோ, இன்னும் போடோணுமோ" என்று மட்டும் கேட்டாள். மிஸ் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, அட்டையில் வெகுநேரம் எழுதினார்.

அவர் முகாமைத் தாண்டியதும் அம்மா அரிசி வாளிக்குள் கையை விட்டு ஒரு கம்பியை எடுத்தாள். முதல் அடி விழுவதற்குள், அம்மை கண்டவள் போர்வையை உதறிவிட்டு ஓடிவந்து எனக்குக் குறுக்கே விழுந்தாள். தலைமுடியில் வேப்பிலை ஒட்டியிருந்தது.

"அவனை விடுங்கோ அம்மா. என்னை அடியுங்கோ. என்னைத்தான் அடிக்கோணும்."

சத்தம் கேட்டுக் கூடிய பெண்கள், தம்பிமேல் இப்படி ஒரு பாசமா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா கம்பியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் ஆமத்தூர்க்காரர் வந்தார். மொபெட்டை விட்டு இறங்கவில்லை. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக. கம்பெனி வரைக்கும் பேச்சுப் போயிருச்சு. இனிமே இங்கன லோடு இறக்க முடியாது." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. முகாம் தலைவர்தான் திரும்பினார். "முகாமுக்கே 144 போட்டிட்டியேடா" என்றார். அன்றிலிருந்து அதுவே என் பெயர். ரோட்டில் ஊர்ப் பையன்களும் பிடித்துக்கொண்டார்கள்: "ஏலே, நூத்திநாப்பத்திநாலு வாரான்லே, கூட்டமா நிக்காதீக."

அக்கா முதலில், படிப்பை விட்ட பிள்ளைகளுக்காக மிஸ்ஸின் ஆட்கள் நடத்திய சிறப்பு மையத்துக்குப் போனாள். அடுத்த வருடம் ஆறாம் வகுப்பில், தன் தோளுயரப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்பை முடித்தாள். கல்லூரி வாசலை மிதித்தது நான் என்றாலும், எங்கள் வீட்டில் முதலில் பத்து முடித்தவள் அவள்தான்.

அம்மா வேனில் ஏறினாள். கம்பெனியில் பெட்டி போடும் வேலை. சாயங்காலம் வேன் வரும்வரை நான் முகாம் வாசலில் நிற்பேன். அவள் இறங்கிய பிறகுதான் விளையாடப் போவேன். எங்கேயாவது வெடிச்சத்தம் கேட்டால் அன்றைக்கு விளையாட்டும் கிடையாது. அம்மாவை அங்கே அனுப்பியது நான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல வருடம் போனாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாது என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது.

இப்போது நானும் அதே மாதிரி ஓர் அட்டையோடு போகிறேன். சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் பக்கம், பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறோம். வேலையில் சேர்ந்த முதல் வாரம் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். இது பல வருடமாக இருப்பதுதான், அதிகம் மாறவில்லை என்றார்கள். வயது, வகுப்பு, வேலைக்குப் போகிறதா, எத்தனை மணி நேரம். நான் கட்டைப் பற்றிய கேள்வியைத் தேடினேன். முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன். அப்படி ஒரு கேள்வி அதில் இல்லை.

என் கணக்கு நோட்டை வீட்டில் நான் ஒருத்தியிடம்தான் காட்டியிருந்தேன். எந்தக் கட்டு என்று கேட்டுவிட்டுச் சொல்லச் சொன்னவளும் அவள்தான். அம்மா சீனிக்குப் போன நேரத்தில் மிஸ்ஸோடு உள்ளே தனியாக இருந்தவளும் அவள்தான்.

தன்னைத்தான் அடிக்க வேண்டும் என்று அன்று அவள் சொன்னபோது, எனக்காகச் சொல்கிறாள் என்று முகாமே நம்பியது. நானும் நம்பினேன். அவள் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள்.